பேஸ்பால் சீசனின் நடுவில் நுழைபவருக்கு: டிவிஷன் பட்டியலைப் படிக்கும் வழி

மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு அணி சீசனுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. மார்ச் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் இருக்கும். முதலிலிருந்து பார்க்கவில்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். ஜூலை நடுவில், நட்சத்திர வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்காக லீக் சில நாள் ஓய்வெடுக்கும். அதற்குள் ஒவ்வொரு அணியும் ஏறக்குறைய 96 ஆட்டம் முடித்திருக்கும். புதிதாக வருகிறவர் நுழைவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது என்பது என் கட்சி. யார் எப்படி ஆடுகிறார்கள் என்று ஓரளவு தெரிந்திருக்கும். ஆனால் எதுவும் முடிவாகியிருக்காது.

சும்மா உற்சாகப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 2025 ஆல்-ஸ்டார் இடைவேளையில் ஆறு டிவிஷன்களிலும் (ஐந்தைந்து அணிகள் கொண்ட பிரிவுகள்) முதலிடத்தில் இருந்த அணிகள் இவை: டொராண்டோ ப்ளூ ஜேஸ், டெட்ராய்ட் டைகர்ஸ், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ், சிகாகோ கப்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். செப்டம்பர் முடிந்தபோது இவற்றில் மூன்றுதான் அதே இடத்தில் நின்றன. டெட்ராய்ட்டைக் கிளீவ்லாந்தும், ஹூஸ்டனைச் சியாட்டிலும், கப்ஸை மில்வாக்கியும் முந்திவிட்டன. ஜூலைப் பட்டியலை அப்படியே நம்பியவர் ஆறில் மூன்றைத் தவறவிட்டிருப்பார்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்த 2025 சீசனையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். விடை தெரிந்த கணக்கில் கை பழகினால், நடக்கும் சீசனைப் பார்ப்பது சுலபம்.

முதலில் அமைப்பு

மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீகில் 15, நேஷனல் லீகில் 15. ஒவ்வொரு லீகிலும் கிழக்கு, மத்திய, மேற்கு என மூன்று டிவிஷன். டிவிஷனுக்கு ஐந்து அணி. லீகுக்கு ஆறு அணிகள் பிளேஆஃப் போகும். மூன்று டிவிஷன்களிலும் முதலிடம் பிடித்த அணிகள் நேரே போகும். மற்ற எல்லா அணிகளிலும் அதிகம் வென்ற மூன்று, வைல்ட் கார்டு என்ற பெயரில் போகும். இந்த ஏற்பாடு 2022இலிருந்து இருக்கிறது.

முன்பு இவ்வளவு தாராளம் இல்லை. 1993இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 103 ஆட்டம் ஜெயித்தும் வீட்டுக்குப் போனது, ஏனென்றால் அதே டிவிஷனில் அட்லாண்டா பிரேவ்ஸ் 104 ஜெயித்திருந்தது. (அட்லாண்டா கிழக்குப் பக்கத்து ஊர்தான். அப்போது மேற்கு டிவிஷனில் ஆடியது. காரணம் கேட்காதீர்கள்.) மறு வருடமே மூன்று டிவிஷனும் வைல்ட் கார்டும் வந்தன. பழைய ரசிகர்கள் சிலர் இன்னும் 1993ஐத்தான் கடைசி அசல் பந்தயம் என்பார்கள். பெருமூச்சு விட வயதானவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இன்றைய முறையில் ஒரே நாளில் நாலைந்து பந்தயங்கள் ஓடுகின்றன, பார்ப்பவருக்கு அது லாபம்தான்.

பட்டியலில் எங்கே கண் வைப்பது

பட்டியலைத் திறந்தால் அணிப் பெயருக்குப் பக்கத்தில் வெற்றி, தோல்வி, வெற்றி விகிதம், அப்புறம் ஜிபி (GB, கேம்ஸ் பிஹைண்ட்) என்று ஒரு பத்தி இருக்கும். புள்ளி கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை, டிராவும் இல்லை. முதலிடத்து அணியைவிட எத்தனை ஆட்டம் பின்னால் இருக்கிறது என்பதுதான் ஜிபி. வெற்றிகளில் உள்ள வித்தியாசத்தையும் தோல்விகளில் உள்ள வித்தியாசத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்தால் அது கிடைக்கும்.

2025 ஜூலை 8 அன்று டெட்ராய்ட் 59-34. கிளீவ்லாந்து கார்டியன்ஸ் 42-48. முதல் எண் வெற்றி, அடுத்தது தோல்வி. வெற்றியில் 17 வித்தியாசம், தோல்வியில் 14. கூட்டினால் 31, பாதி 15.5. கார்டியன்ஸ் 15.5 ஆட்டம் பின்னால். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

அரை ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். இரண்டு அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருக்காது. மழையால் தள்ளிப்போயிருக்கும், ஒரு அணிக்கு விடுமுறை நாளாக இருந்திருக்கும். இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து பார்ப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடிகாலை 4:30. மேற்குக் கரையில் அதே 7 மணி நமக்குக் காலை 7:30. ஆகவே ஆறு மணிக்குக் காபியோடு பட்டியலைத் திறந்தால், கலிஃபோர்னியா அணிகள் அன்றைய ஆட்டத்தைத் தொடங்கியே இருக்காது. 11 மணிக்கு மேல் பார்த்தால் அன்றைய கணக்கு முழுசாக இருக்கும்.

ஜிபியைவிடத் தோல்விப் பத்தி முக்கியம் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். குறைவாக ஆடிய அணிக்கு இன்னும் ஆட்டம் பாக்கி இருக்கிறது, அதை ஜெயித்துக்கொள்ளலாம். வாங்கிய தோல்வியை யாராலும் அழிக்க முடியாது. 2025 இடைவேளையில் ஃபில்லீஸ் 55-41, நியூயார்க் மெட்ஸ் 55-42. வெற்றி சமம், மெட்ஸ் அரை ஆட்டம்தான் பின்னால். ஆனால் அந்த ஒரு கூடுதல் தோல்வி மெட்ஸ் கையை விட்டுப் போனது, ஃபில்லீஸ் தானாகத் தோற்றால்தான் அது ஈடாகும்.

கடைசிப் பத்து ஆட்டம், தொடர் வெற்றி போன்ற பத்திகளும் இருக்கும். புதியவர்கள் முதலில் அங்கேதான் போவார்கள். நான் அவற்றை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நல்ல அணியும் பத்தில் ஏழு தோற்கும் வாரம் வரும், மோசமான அணியும் பத்தில் ஏழு ஜெயிக்கும்.

மீதி ஆட்டத்தைக் கணக்குப் போடுங்கள்

இது ஒரு நிமிட வேலை. காகிதமும் பேனாவும் போதும். எந்தப் பந்தயத்தைப் பற்றியும் வாய் திறப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

ஜூலை 8க்குப் பிறகு டெட்ராய்ட்டுக்கு 69 ஆட்டம் மீதி, கிளீவ்லாந்துக்கு 72. டெட்ராய்ட் இனிமேல் சுமாராக, பாதிக்குப் பாதி மட்டும் ஜெயிக்கும் என்று வையுங்கள். 34 வெற்றி. மொத்தம் 93. அந்த 93ஐத் தொட கிளீவ்லாந்து 72இல் 51 ஜெயிக்க வேண்டும். அந்த வேகத்தை ஒரு முழு சீசனுக்கு நீட்டினால் 115 வெற்றி வரும். லீக் வரலாற்றிலேயே அதிகபட்சம் 116. 1906இல் கப்ஸ், 2001இல் சியாட்டில் மரினர்ஸ், இரண்டே அணிகள் அதைத் தொட்டிருக்கின்றன. ஆக, நடக்கிற காரியமில்லை என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் தப்பு சொல்ல முடியாது.

உண்மையில் அது நடக்கவும் இல்லை. கிளீவ்லாந்து 51 ஜெயிக்கவில்லை, 46தான் ஜெயித்தது. நல்ல ஓட்டம், ஆனால் அதிசயம் என்று சொல்வதற்கில்லை. அதிசயம் மறுபக்கம் நடந்தது: டெட்ராய்ட் 69இல் 28 மட்டுமே ஜெயித்தது. கடைசியில் கிளீவ்லாந்து 88-74, டெட்ராய்ட் 87-75. இவ்வளவு பின்னால் இருந்து ஒரு அணி முதலிடம் பிடித்தது அதுவரை நடந்ததில்லை. 1914இல் பாஸ்டன் பிரேவ்ஸ் 15 ஆட்டம் பின்னால் இருந்து வென்றதுதான் அதற்கு முன் சாதனை.

புதியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: பின்னால் இருக்கும் அணி பிடித்துவிடுமா? கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும்: முன்னால் இருக்கும் அணி விழுமா? பெரிய இடைவெளிகள் மூடப்பட்ட கதைகளை எடுத்துப் பார்த்தால் இரண்டாவதற்குத்தான் பெரும்பாலும் பங்கு அதிகம். 1978 ஜூலையில் நியூயார்க் யாங்கீஸ் பாஸ்டன் ரெட் சாக்ஸைவிட 14 ஆட்டம் பின்னால் இருந்தது. செப்டம்பரில் பாஸ்டனுக்கே போய் நான்கு ஆட்டத்தையும் ஜெயித்தது. நான்கிலும் சேர்த்து 42 ரன்னுக்கு 9. பாஸ்டன் சரிந்து, பிறகு கடைசி எட்டையும் ஜெயித்து மூச்சுப் பிடித்துச் சமன் செய்து, அதற்கப்புறம் நடந்த ஒற்றை ஆட்டத்தில் தோற்றது. அதில் யாங்கீஸின் பக்கி டெண்ட் அடித்த ஹோம் ரன்னை பாஸ்டன்காரர்கள் இன்றும் மன்னிக்கவில்லை.

விதிவிலக்கு 1951. ஆகஸ்ட் 11 அன்று அன்றைய நியூயார்க் ஜயன்ட்ஸ் புரூக்ளின் டாட்ஜர்ஸைவிட 13.5 பின்னால். டாட்ஜர்ஸ் பெரிதாகச் சரியவில்லை, பாதிக்குச் சற்று மேலே ஜெயித்துக்கொண்டுதான் இருந்தது. ஜயன்ட்ஸ் கடைசி 44இல் 37ஐ ஜெயித்தது. அந்த மாதிரி ஓட்டம் தலைமுறைக்கு ஒன்று வரும். அதை நம்பி யாரும் பந்தயம் கட்டக் கூடாது.

என் கைக்கணக்கு இது. இடைவேளையில் இடைவெளி ஐந்துக்குள் என்றால் இரண்டு அணியும் சமம் என்றே எடுத்துக்கொள்வேன். 2025இல் ஹூஸ்டன் சியாட்டிலைவிட ஐந்து முன்னால் இருந்தது, நிலைக்கவில்லை. டாட்ஜர்ஸ் சான் டியேகோ பாட்ரேஸைவிட 5.5 முன்னால்; ஆகஸ்ட் நடுவில் பாட்ரேஸ் ஒரு கணம் முந்தியே விட்டது, பிறகுதான் டாட்ஜர்ஸ் மீண்டது. ஐந்திலிருந்து பத்து வரை என்றால் முன்னணி அணியின் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) நலமா என்று விசாரிப்பேன். பத்துக்கு மேல் என்றால் வாரம் ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும். எட்டிப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது, கிளீவ்லாந்து அதைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

ரன் வித்தியாசம்

ஐபிஎல் பட்டியலில் நெட் ரன் ரேட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. அடித்த ரன்னிலிருந்து விட்டுக்கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு: இங்கே அது சமநிலையை உடைக்கப் பயன்படாது. விதிப்படி அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு அணியின் வெற்றி எண்ணிக்கை நிஜமா, அதிர்ஷ்டமா என்று சந்தேகப்பட மட்டும் உதவும்.

பில் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் பல வருடங்களுக்கு முன் ஒரு சூத்திரம் சொன்னார். அடித்த ரன்னின் வர்க்கத்தை, அடித்த ரன் வர்க்கமும் விட்ட ரன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி ஜெயித்திருக்க வேண்டிய விகிதம் ஏறக்குறைய கிடைக்கும். 2025இல் யாங்கீஸ் 849 ரன் அடித்து 685 விட்டது. சூத்திரம் சொல்வது 98 வெற்றி. டொராண்டோ 798 அடித்து 721 விட்டது. அதற்கு 89. நிஜத்தில் இரண்டும் 94-68.

அப்படியானால் யாங்கீஸ்தான் மேலான அணியா? காகிதத்தில் ஆம். பிளேஆஃபில் டொராண்டோ யாங்கீஸை 3-1 என்று வீழ்த்தியது, கோப்பைக்கான இறுதிச் சுற்றான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போனது. டொராண்டோவில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு அந்த அக்டோபர் எப்படிப் போனது என்று சொல்லத் தேவையில்லை. கிளீவ்லாந்து கதை இன்னும் விசித்திரம்: 643 அடித்து 649 விட்டது. எதிர்மறை வித்தியாசத்தோடு டிவிஷனையே ஜெயித்தது.

அதனால் இந்தக் கணக்கைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடு சீசனில் சூத்திரம் சொல்வதைவிட ஒரு அணி ஐந்தாறு வெற்றி கூடுதலாக வைத்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் இருந்து வந்திருக்கும். 2012இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அப்படிப்பட்ட ஆட்டங்களில் 29-9. அதே அணி மறு வருடமும் அப்படி ஜெயிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, ஆனால் அந்த வருடம் அவர்கள் பிளேஆஃப் போய்விட்டார்கள். அதிர்ஷ்டத்தில் வந்த வெற்றியையும் பட்டியலில் வெற்றி என்றுதான் எழுதுகிறார்கள்.

சில இணையதளங்கள், குறிப்பாக ஃபேன்கிராஃப்ஸ், மீதி சீசனை ஆயிரக்கணக்கான முறை கணினியில் ஆடிப் பார்த்து ஒவ்வொரு அணிக்கும் வாய்ப்புச் சதவீதம் தரும். பாருங்கள், தப்பில்லை. ஆகஸ்டில் டெட்ராய்ட்டுக்கு டிவிஷன் கிட்டத்தட்ட உறுதி என்றே அவை காட்டின என்பதையும் நினைவில் வையுங்கள்.

அட்டவணையைத் திறந்து வையுங்கள்

பலர் செய்யாமல் விடுவது இது, எனக்குப் பிடித்ததும் இதுதான். 2023இலிருந்து ஒரே டிவிஷன் அணிகள் ஒன்றோடொன்று 13 முறை மோதுகின்றன. முன்பு 19. நேருக்கு நேர் ஒரு ஆட்டம் ஜெயித்தால் இடைவெளி முழுசாக ஒன்று குறையும், ஏனென்றால் உங்கள் வெற்றியும் எதிராளி தோல்வியும் ஒரே நாளில் நடக்கின்றன. மற்றவர்களோடு ஆடி ஜெயித்தால் அரைதான் குறையும். ஆகவே கேட்க வேண்டியது: போட்டியாளர்கள் இருவருக்கும் நடுவில் இன்னும் எத்தனை ஆட்டம், அவை எந்த மாதத்தில்?

2025 ஜூலையில் டெட்ராய்ட், கிளீவ்லாந்து அட்டவணையைத் திறந்திருந்தால் ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். 13இல் ஆறு ஆட்டம் செப்டம்பரின் பின்பாதியில் இருந்தது. மூன்று டெட்ராய்ட்டில், அடுத்த வாரம் மூன்று கிளீவ்லாந்தில். 15 ஆட்ட இடைவெளியில் அதற்கு அர்த்தமில்லை என்று தோன்றும். ஆனால் இடைவெளி ஆறு, ஏழாகக் குறைந்தால் அந்த ஆறு ஆட்டம் எல்லாவற்றையும் மாற்றும். அப்படித்தான் நடந்தது: டெட்ராய்ட்டில் மூன்றையும் கிளீவ்லாந்து ஜெயித்தது, சொந்த ஊரில் மூன்றில் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று, அந்த வருடம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை இரண்டாம் முறை வாங்கிய டாரிக் ஸ்கூபலை எதிர்த்து.

சொந்த மைதானமா, வெளியூரா என்பதற்கு இந்தக் கணக்கில் நான் அதிக எடை கொடுப்பதில்லை. பலவீனமான அணிகளோடு எத்தனை ஆட்டம் மீதி என்பதும் ஓரளவுதான். அந்த வருடம் கொலராடோ ராக்கீஸ் 43-119. மேற்கு டிவிஷனில் எல்லோருக்கும் அவர்களோடு 13 ஆட்டம் கிடைத்தது, யாருக்கும் தனி லாபமில்லை. ஒருவர் அந்த 13ஐ ஜூலைக்குள் ஆடி முடித்துவிட்டார், இன்னொருவருக்குப் பாதி மீதி என்றால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிட்சர்களும் ஜூலைக் கடைசிச் சந்தையும்

பட்டியலில் தெரியாத இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, யார் கையில் கட்டுப் போட்டிருக்கிறார் என்பது. ஒரு அணிக்கு முதல் ஓவர் போடுவது போல ஆட்டத்தை ஆரம்பிக்கும் ஸ்டார்ட்டர் பிட்சர்கள் ஐந்து பேர் இருப்பார்கள், முறை வைத்து ஆடுவார்கள். பேட்டர் ஒருவர் காயமடைந்தால் சமாளிக்கலாம். ஸ்டார்ட்டர் இருவர் போனால் வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டம் ஆட்டம் காணும்.

மெட்ஸுக்கு அதுதான் நடந்தது. 2025 ஜூன் 12 அன்று 45-24, மொத்த லீகிலும் முதலிடம். அன்றைய ஆட்டத்திலேயே கோடாய் செங்கா தொடைத் தசையில் காயம் பட்டு வெளியேறினார். இரண்டு வாரத்தில் கிரிஃபின் கேனிங்குக்குக் குதிகால் தசைநார் அறுந்து சீசனே முடிந்தது. ஜூன் 12க்குப் பிறகு மெட்ஸ் 38-55. அந்தச் சரிவு முழுவதையும் இருவர் தலையில் கட்ட முடியாது, ஆனாலும் ஆரம்பம் அங்கேதான். கடைசியில் 83-79, பிளேஆஃபே இல்லை. இடைவேளையில் முதலிடத்துக்கு அரை ஆட்டம் பின்னால் இருந்த அணி அது.

இரண்டாவது, டிரேட் டெட்லைன். ஜூலை முடிவை ஒட்டி ஒரு நாளோடு அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்வது நின்றுவிடும். 2025இல் அது ஜூலை 31. அதற்கு முந்தைய வாரம் ஒவ்வொரு அணியும் தான் வாங்குகிறவரா, விற்கிறவரா என்று முடிவு செய்தாக வேண்டும். பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு அணிகள் ஒரே வாரத்தில் எதிரெதிர்த் திசையில் போய்விடும். 2025 இடைவேளையில் மினசோட்டா ட்வின்ஸும் கிளீவ்லாந்தும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருந்தன. ட்வின்ஸ் கார்லோஸ் கொரேயா, ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சரான (க்ளோஸர்) யோஆன் டுரான் உட்பட அணியில் பெரும்பகுதியை விற்றுவிட்டது. அதனால் கிளீவ்லாந்துக்குத் தன் டிவிஷனிலேயே ஒரு எதிராளி லேசானது. வேடிக்கை என்னவென்றால் கிளீவ்லாந்தும் வாங்கவில்லை. அறுவை சிகிச்சையிலிருந்து மீண்டுவந்த ஷேன் பீபரை டொராண்டோவுக்கு விற்றது. விற்ற அணி டிவிஷனை ஜெயித்தது.

வாங்கி ஜெயித்ததற்குச் சிறந்த உதாரணம் 2021 அட்லாண்டா. ஜூலை 10 அன்று அவர்களுடைய நட்சத்திரம் ரொனால்ட் அகூன்யா முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். அதுவரை அந்த அணி வெற்றி தோல்விச் சமத்துக்கு மேலே ஒரு நாள்கூட போனதில்லை. நிர்வாகம் விற்பனைக் கடை போடாமல் நான்கு அவுட்ஃபீல்டர்களை வாங்கியது: ஜாக் பீடர்சன், ஹோர்ஹே சோலேர், எடி ரொசாரியோ, ஆடம் டுவால். ஆகஸ்டில்தான் சமத்தைத் தாண்டினார்கள். 88 வெற்றியோடு டிவிஷன், பிறகு உலகத் தொடர். அதில் சிறந்த வீரர் சோலேர். அதற்கு முந்தைய சுற்றில் ரொசாரியோ. இரண்டு பேருமே ஜூலையில் வந்தவர்கள்.

ஆகவே டெட்லைனுக்கு முன் உங்கள் கணிப்பைப் பென்சிலில் எழுதுங்கள். ஆகஸ்ட் முதல் வாரம் திரும்பப் பார்த்து மாற்றுங்கள்.

எதற்காக ஓடுகிறார்கள்

டிவிஷன் ஜெயித்தால் என்ன கிடைக்கிறது என்று தெரியாமல் பந்தயம் பார்த்தால் பாதி சுவை போய்விடும். லீகில் டிவிஷன் ஜெயித்த மூன்றில் அதிக வெற்றி பெற்ற இரண்டு அணிகளுக்கு முதல் சுற்று ஆடாமல் ஓய்வு. மூன்றாவது டிவிஷன் சாம்பியனும் மூன்று வைல்ட் கார்டு அணிகளும் முதல் சுற்றில் மூன்று ஆட்டத் தொடரில் மோத வேண்டும். மூன்று ஆட்டமும் மேலே இருக்கும் அணியின் ஊரிலேயே நடக்கும். ஆகவே டிவிஷனை ஜெயித்தால் மட்டும் போதாது. மற்ற டிவிஷன்களின் முதலிடத்து அணிகளோடும் ஒரு மறைமுகப் பந்தயம் ஓடுகிறது. 2025இல் டாட்ஜர்ஸ் 93 வெற்றியோடு டிவிஷனை எடுத்தும் மில்வாக்கி 97, ஃபில்லீஸ் 96 என்பதால் ஓய்வு கிடைக்கவில்லை. முதல் சுற்றிலிருந்தே ஆடிக் கோப்பையை வென்றது, அது வேறு கதை.

அப்புறம், சமநிலை. 2022க்கு முன் இரண்டு அணிகள் முதலிடத்தில் சமமானால் 163ஆவது ஆட்டம் ஒன்று வைப்பார்கள். இப்போது அது இல்லை. நேருக்கு நேர் ஆட்டங்களில் யார் அதிகம் ஜெயித்தார்களோ அவர்களுக்கே. இந்த விதி வந்த முதல் வருடமே மெட்ஸும் அட்லாண்டாவும் 101-61 என்று சமன். ஜூன் 1 அன்று மெட்ஸ் 10.5 முன்னால் இருந்த டிவிஷன் அது. நேருக்கு நேர் 10-9 என்று அட்லாண்டா தட்டிச் சென்றது, மெட்ஸ் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2025இல் இந்த விதி மூன்று இடத்தில் கை வைத்தது. யாங்கீஸோடு 13இல் 8 ஜெயித்திருந்ததால் டொராண்டோவுக்கு டிவிஷன். டெட்ராய்ட்டோடு 87-75இல் சமமாக முடித்தும் ஹூஸ்டன் வெளியே. சின்சினாட்டி ரெட்ஸோடு 83-79இல் சமமாக முடித்தும் மெட்ஸ் வெளியே.

ஏப்ரலிலோ மே மாதத்திலோ அரைத்தூக்கத்தில் தோற்ற ஒரு ஆட்டம் அக்டோபரில் வந்து கதவைச் சாத்துகிறது. அதனால் இடைவேளையிலேயே, இடைவெளி ஐந்துக்குள் இருக்கும் ஒவ்வொரு ஜோடிக்கும், இதுவரை நேருக்கு நேர் கணக்கு என்ன என்று குறித்து வையுங்கள். ஏழு ஆட்டம் ஜெயித்த அணிக்குச் சமநிலை ஏற்கெனவே கைவசம். பட்டியலில் தெரியாத அரை ஆட்டம் அவர்களுக்குக் கூடுதல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

நடைமுறையில்

ஆறு பந்தயத்தையும் பின்தொடர முயலாதீர்கள், இரண்டு வாரத்தில் சலித்துவிடும். இடைவெளி ஐந்துக்குள் இருக்கும் ஒரு டிவிஷனை எடுங்கள், கூடவே பெரிய இடைவெளி உள்ள ஒன்றை, சும்மா கண்காணிக்க. இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்கு மேற்கு டிவிஷன் வசதி: காலை உணவு நேரத்தில் நேரலை, விடிகாலை எழ வேண்டியதில்லை. ஒரு தாளில் ஒவ்வொரு அணிக்கும் தோல்வி எண்ணிக்கை, மீதி ஆட்டம், ரன் வித்தியாசம், நேருக்கு நேர் மீதி, காயம்பட்ட ஸ்டார்ட்டர்கள் என்று எழுதுங்கள். வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை மதியம் புதுப்பித்தால் போதும், ஏனென்றால் ஞாயிறு ஆட்டங்கள் அதற்குள் முடிந்திருக்கும், வார இறுதித் தொடர்களும் முடிந்திருக்கும்.

செப்டம்பரில் மேஜிக் நம்பர் என்ற சொல் காதில் விழ ஆரம்பிக்கும். 163இலிருந்து முதலிடத்து அணியின் வெற்றியையும் இரண்டாம் அணியின் தோல்வியையும் கழித்தால் வருவது. பூஜ்யமானால் பந்தயம் முடிந்தது. சமநிலை விதி கையில் இருக்கும் அணிக்கு 162இலிருந்து கழிக்கலாம். ஜூலையில் அதைக் கணக்குப் போடுவது வீண்.

இப்போதைக்கு நாள்காட்டியில் குறிக்க வேண்டியது டெட்லைன் நேரம். 2025இல் அது கிழக்கு அமெரிக்க நேரம் மாலை 6 மணி. நமக்கு மறுநாள் விடிகாலை 3:30. பெரிய பரிமாற்றங்கள் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் குவியும். விழித்திருக்க முடியாதவர் காலையில் எழுந்ததும் பட்டியலைத் திறக்காமல், முதலில் யார் எந்த அணிக்குப் போனார் என்ற செய்தியைப் படித்துவிடுங்கள்.